கருத்தோ

சிவ்ரி அலையாத்திக் கரையில்
சேறு சலிப்பது என் வேலை.
அரை மில்லி கண்ணி வலை, நீலக் குழாய், ஒரு பக்கெட்.
நீர் வடிந்தபின் மிஞ்சும் புழுவையும் கிளிஞ்சலையும்
எண்ணி எழுத வேண்டும்.
சம்பளச் சீட்டில் நான் முக்தா.

எதிரே எண்ணெய்க் கப்பல்களின் சிவந்த வயிறு.
தாருகானா பக்கம் இரும்பு அறுக்கும் சத்தம்.
பூநாரைகளைப் படம் பிடிக்கப் படகில் ஒரு கூட்டம்.
அந்த ரோஜாநிறக் கால்களுக்கு நடுவே
யாரும் படம் பிடிக்காத பழுப்புப் பறவைகள்
நூறோ இருநூறோ,
கண் வரைக்கும் மூக்கைப் புதைத்து
என் வேலையைத்தான் செய்கின்றன,
சல்லடை இல்லாமல்.

சூர்த்
(எழுதினால் ஆறு எழுத்தாம், சொன்னால் ஒன்றரை)
ஒல்லாந்துக்காரன். சேற்றை அளக்க வந்தவன்.
தொலைநோக்கியை என்னிடம் நீட்டித்
தொண்டையைச் செருமி ஒரு சொல் சொன்னான்.
எனக்குக் ‘கருத்தோ’ என்று கேட்டது.
என்ன கருத்து? யாருடையது?

இல்லை, அது பெயர் என்றான்.
அவன் நாட்டுப் புல்வெளியில் பனி விட்டதும்
ஆண்பறவை மேலேறி
இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து பறந்து
தன் பெயரைத் தானே கூவுமாம்:
கருத்தோ கருத்தோ கருத்தோ.
‘இந்தச் சொல்லின் வேர் தேடித் தோண்டினால்
பறவையின் தொண்டைதான் கிடைக்கிறது.’

கொஞ்சம் கழித்து, பூட்ஸைக் கழுவிக்கொண்டே:
‘என் அம்மா அப்படிக் கேட்டதில்லை.
எங்கள் ஃப்ரீசிய மொழியில் அது ஸ்க்ரீஸ்.’
ஒரே பறவை, ஒரே கூவல்.
நடுவில் ஒரு வாய்க்கால்போல ஏதோ ஓடி
காதை இரண்டாக வெட்டியிருக்கிறது.

காக்கையை நாமும் அப்படித்தான் பிடித்தோம்,
கூகையையும்.
இதை விட்டுவிட்டோம்.
தமிழில் இது கருவால் மூக்கன்.
வால் கறுப்பு, மூக்கு நீளம், அவ்வளவுதான்.
வெட்கமாக இருந்தது, மாலை வரைக்கும்.
பிறகு தோன்றியது:
அது பாடுவது முட்டையிடும் ஊரில்.
இங்கே வருவது தின்ன.
வாய் நிறையச் சேறு வைத்திருப்பவனிடம்
பெயரென்ன என்றால் என்ன சொல்வான்?

‘உன் பெயருக்கு?’ என்றான் சூர்த்.
முக்தா என்றால் முத்து;
சூப்பர்வைசர் ஷிர்கே கொடுத்த பதில் தயாராக இருந்தது.
கையில் சேறு இருந்ததாலோ என்னவோ
உண்மை வந்துவிட்டது.

மூக்கம்மாள்.
எனக்கு முன்னால் இரண்டு பேர் தங்கவில்லை.
நான் விழுந்த அன்றே, தாராவி தொண்ணூறடிச் சாலைக்குப் பின்னால்,
ஊசியைத் தீயில் காட்டி மூக்கைக் குத்தினார்கள்.
ஓட்டை விழுந்த பண்டத்தை எமன் தொடமாட்டானாம்.
கூவலில் பிறந்த பெயரில்லை இது.
கூவினால் வந்துவிடுவானோ என்று பயந்து வைத்தது.

எழுதிக்கொண்டான்.
கடைசி எழுத்தில் நாக்கு இடறி
மறுபடி சொல்லிப் பார்த்தான், மறுபடியும்.
நான் திருத்தவில்லை.

‘இந்தப் பறவைகள் உன் ஊரைப் பார்த்ததுண்டா?’
‘இல்லை. இவை சைபீரியாப் பக்கம்.
எங்களுடையவை ஆப்பிரிக்கா போகும்.’
‘அங்கே இவற்றை என்னவென்று கூப்பிடுவார்கள்?’
தெரியாது என்றான்.
தெரியாது என்பதை அவ்வளவு நல்ல முகத்தோடு சொல்லி
நான் பார்த்ததில்லை.

ஓதம் ஏறியது.
முதலில் குட்டைக்கால்கள் எழும்பின, பிறகு இவை,
இறக்கையில் வெள்ளைப் பட்டை பளிச்சிட.
ஒன்று மட்டும் ஏதோ சொன்னது.
இருவரும் திரும்பினோம்.
இரும்பு அறுக்கும் சத்தத்தில் பாதி போயிற்று;
மீதி ‘கரு’வும் இல்லை ‘ஸ்க்’கும் இல்லை.

புழு நாற்பத்தொன்று. கிளிஞ்சல் ஒன்பது.
ரிமார்க்ஸ் கட்டத்தில் தினமும் ஒரு கோடு இழுப்பேன்.
அன்று இழுக்கவில்லை.